மதுரை: நேரம் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

மதுரையைப் பற்றிய பயணக் குறிப்புகள் பெரும்பாலும் தூரக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகால் ஒன்றரை கிலோமீட்டர், தெப்பக்குளம் 5, திருப்பரங்குன்றம் 8, அழகர்கோயில் 21 என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கணக்கில் பிழை இல்லை, பயன்தான் குறைவு. இந்த ஊரில் ஒருவர் எதையாவது தவறவிடுகிறார் என்றால், அது தூரத்தில் இருந்ததால் இருக்காது. அவர் தவறான நேரத்தில் போய் நின்றதால்தான் இருக்கும். காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்துப் பத்தரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்புகிறவரை எடுத்துக்கொள்வோம். செல்போனையும் செருப்பையும் ஒப்படைத்து வரிசையில் நின்று அம்மன் சன்னதியை நெருங்கும்போது, பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தப் போகிறார்கள் என்று வரிசை அவசரப்படும். வெளியே வந்து பரோட்டா கேட்டால் பல கடைகளில் கல்லே இன்னும் சூடாகியிருக்காது. பருத்திப்பால் வண்டி கண்ணில் படாது. மற்ற பெரிய கோயில்களுக்கு ஓடினால் அங்கும் நான்கு மணி வரை கதவடைப்பு. வெயிலில் அலைந்து களைத்து, ஊர் விழித்தெழும் அந்தி வேளையில் அவர் ரயிலேறப் போய்விடுவார். ஆகவே இந்த அத்தியாயம் வரைபடத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கடிகாரம், பஞ்சாங்கம்.

இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். நான்கு திசைக்கும் நான்கு வீதியாக, சதுரத்துக்குள் சதுரமாக மாதப் பெயர்களைச் சூட்டிக்கொண்ட நகரம் இது. பெயர்கள் வெறும் அலங்காரமல்ல. ஆடி மாத முளைக்கொட்டு விழாவில் அம்மன் உலா வருவது ஆடி வீதிகளில். ஆவணி மூலத் திருவிழாவின் உலா ஆவணி மூல வீதிகளில். ஒன்று மட்டும் இடிக்கும்: சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சியின் திருவிழாவைத் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விழா மாதம் மாறியது, தேர் ஓடும் தடம் மாறவில்லை. மாதப் பெயர் இல்லாத வெளி வீதிகள் பிற்காலத்தவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் உருவானவை அவை. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்போது வந்தவையே. ஊரையே காலண்டராகக் கட்டி வைத்திருக்கும்போது அதைக் கிலோமீட்டரில் படிப்பது பொருந்தாத வேலை.

எல்லாப் பழைய கோயில் நகரங்களும் இப்படித்தானே என்று கேட்கலாம். அப்படி இல்லை என்பதற்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நல்ல சான்று. மன்னர் மங்ராய் 1296இல் நிறுவிய அந்த ஊரும் சதுரமானதுதான். பழைய நகரத்தைச் சுற்றி அகழி இன்றும் தண்ணீரோடு இருக்கிறது. அங்கே புத்த விகாரைகள் பெரும்பாலும் காலை முதல் மாலை வரை இடைவெளியின்றித் திறந்திருக்கும். விகாரைக்கு அடுத்த கட்டடத்தில் காபிக் கடை, அதற்கடுத்துச் சாப்பாட்டுக் கடை. கையில் வரைபடம் இருந்தால் எந்த மணிக்குக் கிளம்பினாலும் ஏதோ ஒன்று அமைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்திச் சந்தையும், சோங்கிரான், லோய் கிரதோங் போன்ற பண்டிகைகளும்தான் அங்கே நாள் பார்த்துப் போக வேண்டியவை. மதுரையில் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கே நேரம் பார்க்க வேண்டும். உலகெங்கும் பொதுவாகிவிட்ட ‘கஃபே, கோயில், சாப்பாடு’ என்ற பயண வாய்பாட்டை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் ஏமாந்து திரும்புவது அதனால்தான்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்தே வருகிறது. ஒரே ஓர் இரவு என்றால் யோசிக்கவே வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் அறை எடுக்கலாம். விடியலிலும் இரவிலும் நடந்தே கோயிலுக்குப் போகலாம், நடுப்பகலில் வந்து படுக்கலாம். மூன்று நாளுக்கு மேல் என்றாலோ, வருவது பொங்கலுக்கோ சித்திரைக்கோ என்றாலோ, வைகைக்கு வடக்கே ஆனையூர்ப் பக்கம் தங்குவது புத்திசாலித்தனம். தனி நகராட்சியாக இருந்து 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இந்தப் பகுதி அலங்காநல்லூர்ச் சாலையை ஒட்டியது; கூடல்நகரும் மூன்றுமாவடியும் பக்கம்; அழகர்கோயில் சாலைக்குப் போக ஆற்றைக் கடக்கத் தேவையில்லை. திருவிழா நாட்களில் மாசி வீதிகளைச் சுற்றி வண்டிகளை மறித்துவிடுவார்கள். உள்ளே தங்கியவர் வெளியே வரத் திண்டாடும் அந்த நேரத்தில் வடக்கே தங்கியவருக்கு வழி திறந்திருக்கும். ஒரு சிறு எச்சரிக்கை: உசிலம்பட்டி அருகிலும் ஓர் ஆனையூர் உண்டு, ஐராவதேசுவரர் கோயில் இருக்கும் பழைய ஊர். ஆட்டோவோ வாடகைக் காரோ பேசும்போது கூடல்நகர் ஆனையூர் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

விடியலிலிருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிகிற நேரத்தில் இறக்கிவிடுவது பயணிக்குக் கிடைத்த வரம். அதை அறையில் தூங்கிக் கழிக்கக் கூடாது. கோயில் ஐந்து மணிவாக்கில் திறந்துவிடும். அந்நேரத்தில் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் உட்கார இடம் இருக்கும். கோபுரங்களிலேயே உயரமான தெற்குக் கோபுரம், 160 அடிக்கு மேல், குளத்துக்கு நேரே தெரியும். வரிசை பகலில் இருப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. படம் எடுக்க முடியாதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஆனால் கையில் போன் இல்லாத ஆயிரக்கணக்கானோர் ஒரே பிரகாரத்தில் நடக்கும் காட்சி இன்று எத்தனை இடத்தில் கிடைக்கும்? அரைக்கால் சட்டை கூடாது. கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதவர்களை விடுவதில்லை. வெளிநாட்டு நண்பரை அழைத்து வருகிறவர் இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை. அவருக்கும் குளம், பிரகாரங்கள், 1569இல் அரியநாத முதலியார் கட்டியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம் என்று அரை நாளுக்குப் பார்க்க இருக்கிறது. ஆயிரங்கால் என்று பெயர், உள்ளவை 985 தூண்கள்.

இரண்டாம் நாள் விடியலை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொடுக்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலையில் விரியப் போகிற பூவை மொட்டாக இருக்கும்போதே விடியலில் பறித்து, விரிவதற்குள் விற்று, கட்டி, கொண்டைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அந்த வியாபாரமே கடிகாரத்தோடு நடக்கும் ஓட்டம். வெயில் ஏறியபின் போனால் சந்தையின் உயிர் போய்விட்டிருக்கும். மார்கழி, தைப் பனியில் பூ வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் ஏறும். சித்திரை, வைகாசியில் குவியல் குவியலாக வந்து விலை இறங்கும். சந்தையை விட்டு வெளியே வந்தால் சுடச்சுட இட்லி. மதுரை இட்லிக் கடைகளில் இட்லியைவிடச் சட்னியின் எண்ணிக்கைதான் பேச்சு. ஓர் இட்லிக்கு நான்கு நிறத்தில் சட்னி வைத்து, மேலே சாம்பாரையும் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

பன்னிரண்டரை முதல் நான்கு வரை உள்ள பள்ளம்தான் மதுரைப் பயணத்தின் பெரிய சிக்கல். மீனாட்சி கோயில் மட்டுமல்ல. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பெருமாளின் இருந்த, நின்ற, கிடந்த கோலங்களை மூன்று தளங்களில் வைத்திருக்கும் கூடலழகர் கோயிலும், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையைக் கருவறையாகக் கொண்ட திருப்பரங்குன்றமும் பகலில் மூடிக் கிடக்கும். இந்த நேரத்துக்கென்று கோயில் அல்லாத இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டும். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண் நிழல் ஒன்று. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம் இன்னொன்று. காந்தி கடைசி நாளில் உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் குளுகுளு வசதியோடு மதிய நேரத்துக்கென்றே கட்டியதுபோல இருக்கும். வண்டி வைத்திருந்தால் தென்கிழக்கே கீழடி. சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் அதே 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அல்லது ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்யலாம்: மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது. இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். ஊரின் பாதி வாழ்க்கை இருட்டிய பிறகு நடக்கிறது. அதற்கான முன்பணம் இந்தத் தூக்கம்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தான். எந்தக் கடை நல்ல கடை என்று விசாரிப்பவர்கள் எந்த நேரம் நல்ல நேரம் என்று விசாரிப்பதில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய பருத்திப்பால், அந்தி சாயும்போது வண்டியில் வரும். தேங்காய்ப்பூவை மேலே தூவித் தருவார்கள். வயிற்றை நன்றாகவே அடைக்கும், எனவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரைக் கிளாஸ் போதும். ஜிகர்தண்டா மட்டும் பகலுக்கு உரியது. விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் அது கலக்கப்படுவதைக் கவனித்தால் ருசியின் காரணம் தெரியும்: கிளாஸின் அடியில் ஊறிய கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சிப் பழுப்பேறிய குளிர்ந்த பால், உச்சியில் அதே பாலில் செய்த ஐஸ்கிரீம். கலக்காமல் குடித்தால் முதலில் பால், கடைசியில் வெறும் இனிப்பு என்று தனித்தனியாக வரும். கரண்டியை அடிவரை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடிப்பதுதான் முறை. சவுராஷ்டிர மக்கள் வாழும் தெருக்களில் சாயங்காலம் கிடைக்கும் முள்முருங்கை வடை இன்னொன்று. பச்சையாக, மெலிதாக இருக்கும், மிளகுப்பொடி தூவித் தருவார்கள். வேறு ஊரில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

இருட்டியபின் பரோட்டாக் கல் சூடேறும். வீச்சு, சிலோன், லாப்பா, பன் பரோட்டா என்று அதிலேயே ஒரு சாதி வரிசை. சால்னாவை ஊற்றிப் பிசைந்து ஊறவிட்டுச் சாப்பிடுவது ஊர் வழக்கம். தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் வெளியூர் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். சிம்மக்கல் கோனார் கடையால் பேர் பெற்ற கறி தோசையைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றே பாருங்கள்: தடிமனாக ஊற்றிய மாவு பாதி வெந்ததும் முட்டையை உடைத்துப் பரப்பி, அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளிவைத்து அமுக்கி, திருப்பிப் போட்டுக் கறி கல்லில் பொரியும் வரை விடுகிறார்கள். ஒன்றே ஒருவருக்குப் போதும். இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக வரும்: கோயில் ஊரில் வந்து கறியைப் பற்றி இத்தனை பேச்சா? மதுரைக்காரர்களுக்கு இதில் முரண்பாடு தெரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் அதையும் நேரத்தால் பிரித்து வைத்திருக்கிறார்கள். கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவதில்லை; கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடுவார்கள். புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது. பயணிக்கும் இந்த வரிசை வசதியானது. சைவம் மட்டும் உண்பவர் எதையும் இழக்கப்போவதில்லை. இந்த அத்தியாயத்தில் வரும் காலை, பகல், அந்தி உணவெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான். சுத்தத்தைப் பற்றிய கவலைக்கும் நேரத்தைக்கொண்டே பதில் சொல்லலாம்: கூட்டம் மொய்க்கும் மணியில் சாப்பிட்டால் எதுவும் ஆறியிருக்காது, பழையதாகவும் இருக்காது.

காபிக் கடைகளைப் பற்றி இளைய பயணிகள் சொல்லும் குறை வேறு. உட்கார்ந்து பேசவோ மடிக்கணினியைத் திறந்து வைக்கவோ இடமில்லை என்பார்கள். அப்படிப்பட்ட கஃபேக்கள் அண்ணாநகர், கே.கே.நகர், பைபாஸ் ரோடு பக்கம் நிறையவே வந்துவிட்டன, போகலாம், தப்பில்லை. ஆனால் அவற்றுக்காக யாரும் மதுரைக்கு வர வேண்டியதில்லை. அதே நுரைக் காபியும் அதே கேக்கும் கோவையிலும் கிடைக்கும். மதுரையின் டீக்கடை நின்று குடிப்பதற்காக அமைந்தது. பாய்லரும் வடைச் சட்டியும் அடைத்த இடம் போக மிச்சம் ஒரு பெஞ்சு, அதில் ஒரு செய்தித்தாள் நாலு பேர் கையில் நாலு துண்டாக. சீனி கம்மி, லைட், ஸ்ட்ராங் என்று சொல்லிவிட்டால் போதும், ஆற்றி நுரை நிற்கத் தருவார்கள். பன் பட்டர் ஜாம் கேட்டால் கல்லில் வாட்டியும் தருவார்கள். ஐந்து நிமிடம் நிற்கிற இடத்தில் நடக்கிற பேச்சு, ஒரு மணி நேரம் உட்கார்கிற இடத்தில் நடப்பதில்லை என்பது என் கருத்து. ஆனையூர், கூடல்நகர் போன்ற புறநகர்களில் இந்தக் கடைகளுக்கு இரண்டு உச்ச நேரங்கள்: வேலைக்குக் கிளம்பும் முன் ஆறிலிருந்து எட்டு, திரும்பிய பின் ஐந்திலிருந்து ஏழு. ஜல்லிக்கட்டுச் செய்தியோ தேர்தல் செய்தியோ வேண்டுமென்றால் அந்தக் கணக்கில் போய் நிற்கவும்.

இரவுக்கு வருவோம். ஒன்பதரை மணிவாக்கில் நடக்கும் பள்ளியறை பூஜையைப் பார்க்காமல் மீனாட்சி கோயிலைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சொக்கநாதரின் பாதுகை வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குப் போகும். மேளமும் தூபமுமாய்ச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று கறி தோசையைப் பூஜைக்குப் பின் தள்ளிவையுங்கள். ‘தூங்கா நகரம்’ என்ற பெயரை நம்பி நள்ளிரவில் எந்தத் தெருவிலும் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பேருந்து நிலையங்களைச் சுற்றி விளக்கு எரியும். மற்ற இடங்களில் பதினொன்றுக்கு மேல் கதவு இறங்கிக்கொண்டே வரும். ஒரே நாள்தான் இருக்கிறது, இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பவர்களுக்கு ஒரு யோசனை: அந்த ஒரு நாளைக் காலையிலிருந்து மாலை வரை வைக்காதீர்கள், பிற்பகல் மூன்றிலிருந்து மறுநாள் நண்பகல் வரை வையுங்கள். அந்திச் சிற்றுண்டி, பள்ளியறை, இரவுச் சாப்பாடு, விடியல் கோயில், இட்லி என்று ஊரின் நல்ல வேளைகள் எல்லாம் இந்த இருபத்தொரு மணிக்குள் அடங்கிவிடும். விடுபடுவது வெயில் மட்டும்தான்.

இனிப் பஞ்சாங்கம். திருவிழா நாளில் போனால் கோயில் சிறப்பாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மதுரையில் சில திருவிழா நாட்களில் கோயிலே மூடியிருக்கும். தை மாதத் தெப்பத் திருவிழாவில் அம்மனும் சுவாமியும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள். ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலுக்காகப் புட்டுத்தோப்புக்கு. பங்குனியில் முருகன் திருமணத்துக்காகத் திருப்பரங்குன்றத்துக்கு. அவர்கள் திரும்பும் வரை நடை சாத்தியிருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தை மட்டும் பார்க்க விடுவார்கள். விவரம் தெரியாமல் அன்று கோபுர வாசலில் வந்து நிற்பவர்களுக்குத் தரிசனமும் இல்லை, தெப்பமும் இல்லை. தெரிந்தவரோ நேரே தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய, ஏறத்தாழ ஆயிரம் அடிச் சதுரமான அந்தக் குளத்தில் மைய மண்டபத்தைத் தெப்பம் சுற்றி வருவதை நாலு கரையிலிருந்தும் பார்க்கலாம். கூட்டத்துக்கு இடம் தாராளமாக இருப்பதால், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மதுரைத் திருவிழாக்களில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். மார்கழி அஷ்டமி சப்பரம் அதிகம் பேசப்படாத இன்னொரு நாள். எல்லா உயிர்க்கும் சிவன் படியளந்ததைக் குறித்து அரிசி தூவிக்கொண்டே வெளி வீதிகளில் சப்பரங்கள் வரும். அம்மன் சப்பரத்தை இழுப்பவர்கள் பெண்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லாத திருவிழா வேண்டுமென்றால் அன்று வாருங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆங்கிலத் தேதி போட்டு மாதக்கணக்கில் முன்னால் டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியில். 2022இல் அது ஏப்ரல் 16, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. கொடியேறி எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதில் திக்விஜயம், பத்தில் திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர். திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மொய் எழுதிக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பும் வழக்கமும் உண்டு. இன்னொரு பக்கம் அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் வேடத்தில் பெருமாள் கிளம்பி, வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார். மூன்றுமாவடியிலும் புதூரிலும் தல்லாகுளத்திலும் எதிர்சேவை, அதாவது எதிர்கொண்டு வரவேற்பது. தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சாற்றிக்கொண்டு, விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்கு. தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். அழுத்தப் பம்பு வைத்து அடிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதே பருவத்தில், ஏப்ரல் பாதியில், தாய்லாந்து முழுக்கச் சோங்கிரான் என்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். அங்கே தெருவில் போகிற யார்மேலும் ஊற்றலாம். இங்கே தண்ணீர் சாமிக்கானது, பீய்ச்சுவது நேர்த்திக்கடன். விளையாட்டென்று நினைத்துக் கையில் துப்பாக்கியோடு வர வேண்டாம்.

இத்தனை நெரிசலில் வெளியூர்க்காரர் எதற்குப் போக வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். 2022இல் ஆற்றில் இறங்கும் வேளை நெரிசலில் இருவர் இறந்தார்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்பதே இந்த நூலின் கறாரான ஆலோசனை. ஆனால் அழகரைப் பார்க்க ஆற்றங்கரைதான் வேண்டும் என்பதில்லை. ஆற்றில் அவர் நிற்பது கொஞ்ச நேரம். சாலையில் அவர் வருவது மணிக்கணக்கில். முந்தின நாள் மூன்றுமாவடி எதிர்சேவைக்கு ஆனையூர்ப் பக்கமிருந்து எளிதில் போய்விடலாம். தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும் குடித்துக்கொண்டு, சாலையோர நிழலில் நின்று, பல்லக்கை இருபதடி தூரத்தில் பார்க்க முடியும். ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரக் காட்சியும், திரும்பிப் போகும்போது பூப்பல்லக்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுபவை. ஆற்றில் இறங்கியதோடு விழா முடிந்தது என்று டிக்கெட் போட்டுவிடுவதுதான் காரணம். இன்னும் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள்.

தை மாதத்துக்கு ஆனையூர் வாசம் நேரடியாகவே பயன்படும். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். பின்னிரண்டும் ஊரின் வடக்குப் பக்கம். காலையிலேயே வாடிவாசல் திறந்துவிடும், அதற்கு முன்பே கேலரி நிரம்பிவிடும். விடியலுக்கு முன் கிளம்ப முடியாதவர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பதே மேல். அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கில் உட்கார்ந்து பார்க்க இடவசதி உண்டு. ஆனால் ஊர் நடுவே வாடிவாசலுக்கு முன் திரளும் கூட்டத்தின் சூடு அங்கே வராது. எது வேண்டும் என்பதை அவரவர் காலும் வயதும் தீர்மானிக்கட்டும். சாப்பாட்டுப் பிரியர்கள் தையிலும் மாசியிலும் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவை விசாரித்து வைக்கலாம். ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் உணவகங்களை நடத்தும் குடும்பங்கள் அந்தச் சாமியிடம் கூடுகின்றன. கிடாய் வெட்டி இரவெல்லாம் அண்டாக்களில் ஆக்கிய பிரியாணி பிரசாதமாகக் கிடைக்கும். பரிமாறுவது காலையிலேயே தொடங்கிவிடும் என்பதால், முந்தின இரவு திருமங்கலத்தில் தங்கிக்கொள்வது நல்லது. கையோடு ஒரு தூக்குவாளியும் எடுத்துப் போங்கள்.